மேல் ரோட்டில் நின்றவர்கள்

போன வாரம் வரைக்கும் என் மேசை டிராயரில் 212 டிக்கெட்டுகள் இருந்தன. இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய தாள், நடுவில் ஊசித்துளைக் கோடு. ஒரு பாதியைக் கிழித்துக் கொடுத்தால் மறுபாதி புத்தகத்திலேயே நிற்கும். 89-ல் ஆரம்பித்து 300 வரை எண்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் சங்கத்தின் முத்திரை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'நுழைவுக் கட்டணம் ரூ.30'. போன பருவத்தில் எங்கள் ஊரில் நடந்த கடைசி கால்பந்து லீக் ஆட்டத்துக்காக அடித்தவை, விற்காமல் தங்கிப்போனவை. பேனா எடுக்க டிராயரைத் திறந்தால்கூட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் கைக்குத் தட்டுப்படும். பல மாதமாக இதை யாரிடமாவது முழுசாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

கோத்தகிரிப் பக்கத்து மைதானங்களைப் பார்த்தவர்களுக்கு எங்கள் மைதானத்தை விளக்க வேண்டியதில்லை. மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி, அடித்துப் பரத்தி உண்டாக்கிய இடம். மேற்கே புல் முளைத்த மண்சரிவு, சரிவுக்கு மேலே பஸ் போகிற ரோடு. கிழக்கே கோட்டைத் தாண்டினால் தேயிலை. பந்து அந்தப் பக்கம் உருண்டால் செடிகளுக்குள் நுழைந்து எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்கென்றே மூன்று சின்னப் பையன்களை நிறுத்தி வைப்போம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் சரிவில் உட்காருவார்கள். கேலரி என்று ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை, மலையே கட்டிக் கொடுத்துவிட்டது.

எங்கள் அணி மாவட்ட லீகில் கீழ்ப் பிரிவில் ஆடுகிறது. ஆறு வருஷமாக நான் பொருளாளர். ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு பேர் எஸ்டேட் பிள்ளைகள், ஒருவன் ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜில் படிக்கிறான். பின்வரிசையில் ஸ்டாப்பர் ஆடுகிற தம்பி கோயம்புத்தூரில் துணிக்கடை வேலையில் இருந்துகொண்டு, ஞாயிறு காலை முதல் பஸ் பிடித்து வந்து ஆடிவிட்டு, ராத்திரியே திரும்புகிறான். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனாலும் செலவு இருக்கிறது. வெளியூர் ஆட்டத்துக்கு வேன், ரெஃப்ரிக்கும் லைன்ஸ்மேன்களுக்கும் படி, கோடு போடச் சுண்ணாம்பு, வலி ஸ்ப்ரே, குளுக்கோஸ், தேயிலைக்குள் போய்த் திரும்பாத பந்துகள். ஒவ்வொரு பருவமும் முடியும்போது கமிட்டியில் நாலைந்து பேர் கைக்காசு போட்டுத்தான் கணக்கை மூடுவோம். அந்த நாலைந்து பேருக்கும் வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எத்தனை வருஷத்துக்கு இப்படி?

முப்பது ரூபாய்

டிக்கெட் போடலாம் என்று கமிட்டியில் பிடிவாதமாகச் சொன்னவன் நான்தான். என் மனைவியின் ஊர் கூடலூர். நாடுகாணி வழியாக இறங்கினால் கேரளத்து நிலம்பூர், அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டம் பார்த்திருக்கிறேன். தற்காலிகமாக கேலரி கட்டி, சுற்றிலும் அடைத்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்கள். கூலி வேலை முடித்து வந்தவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பார்கள். அங்கே முடிகிறது, நம்மால் ஏன் முடியாது என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு ஞாபகமும் என்னைத் தள்ளியது. 2019 மார்ச் 9. ஐ-லீக் என்ற தேசிய அளவிலான லீகின் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். இங்கிருந்து பதினோரு பேர் வேனில் இறங்கினோம். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்து நாம் கோட்டை விட்டால் கோப்பை அவர்களுக்கு. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா, பின்வரிசை ஆட்டக்காரர், இரண்டு கோல் போட்டார். ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43 புள்ளிக்கு 42. ஒரே ஒரு புள்ளி. அன்று ராத்திரி மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது வேனில் ஒருவனும் தூங்கவில்லை. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் சாம்பியன் ஆனதை நேரில் பார்த்துவிட்டு வந்தோம் என்ற எண்ணமே போதையாக இருந்தது. அந்த அணி 2021-22 ஐ-லீக் பட்டியலில் இல்லை. ஏன், எதனால் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு பயம். கோப்பை தூக்கிய அணியே இரண்டு மூன்று வருஷத்தில் பட்டியலில் இல்லாமல் போகும் என்றால், நாலு பேர் கைக்காசில் ஓடுகிற எங்கள் அணி எம்மாத்திரம்? ஏதாவது ஒரு வரும்படி இருந்தால்தான் நிற்கும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மேல் பிரிவு. கூட்டம் நிச்சயம் வரும். ஊராட்சியில் சொல்லி அனுமதி வாங்கினோம். 300 டிக்கெட் அடித்தோம், அச்சுக்கூலி 900 ரூபாய். விலை முப்பதா ஐம்பதா என்று ஒரு மணி நேரம் பேசி முப்பதுக்கு வந்தோம். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு, யாருக்கும் பாரமாக இருக்காது என்று நான்தான் சொன்னேன்.

அந்த ஞாயிறு

இரண்டரைக்கு ஆட்டம். மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கிவிடும் என்பதால் எங்கள் பக்கம் சீக்கிரமே ஆரம்பித்துவிடுவோம். மைதானத்துக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில் ஒரு மேசை போட்டு, சரிவின் ஓரமாக நீளத்துக்குக் கயிறு கட்டி, இரண்டு தம்பிகளை உட்காரவைத்தோம். இரண்டே காலுக்கு உள்ளே நாற்பது பேர் இருந்திருப்பார்கள். இன்னும் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். பஸ் ஸ்டாப் நிழற்குடையிலிருந்து மாரியம்மன் கோயில் வளைவு வரைக்கும் ரோட்டோரத்தில் ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் சரிவு காலியாகக் கிடந்தது. எப்போதும் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து புல் தேய்ந்த இடங்கள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன. அந்தச் சரிவை ஆட்ட நாளில் வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான்.

நிலம்பூரில் துணி கட்டி மறைத்துவிடலாம். மலையில் எதைக் கட்டி எதை மறைப்பது? மேலே நிற்கிறவனுக்கு எல்லாமே தெரியும்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கிவிட்டோம். ஹாஃப் டைமில் நான் மேலே ஏறினேன். அங்கே ஹட்டன் தாத்தா நின்றுகொண்டிருந்தார். பையன்கள் வைத்த பெயர். 1964 சிரிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், வயது எழுபதுக்கு மேல். கார்னர் கொடிக்குப் பின்னால் இருக்கிற பாறையில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் கோல் பக்கம் பந்து வந்தாலே 'ஒதுக்கு, ஒதுக்கு!' என்று அடிவயிற்றிலிருந்து கத்துவார். கடந்த ஆறு வருஷத்தில் அவர் இல்லாத உள்ளூர் ஆட்டம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

"ஏன் தாத்தா, கீழ வரலையா? வாங்க, நான் சொன்னா விடுவாங்க."

"விடுவாங்க தம்பி. என்னை விட்டா, அந்தா நிக்கிறாரே, அவரையும் விடணும்ல?"

"சரி, நான் எடுத்துத் தர்றேன். முப்பது ரூபாதானே."

"காசுக்குச் சொல்லல. மில்லுல ராகி அரைக்கக் குடுத்திருக்கேன். பேத்தி பஸ்ஸுக்குப் போறா, ஏத்திவிடணும். நடுவுல ரெண்டு தரம் போயிட்டு வருவேன். சீட்டு வாங்கிட்டா எந்திரிக்க மனசு வராது தம்பி. காசு போட்டோமேன்னு உக்காந்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் ஒன்றும் இல்லை. 'செலவு இருக்கும்ல, நீங்க என்ன பண்ணுவீங்க' என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். நான் பேசாமல் கீழே இறங்கினேன்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷத்தில் மிஸ்ட் வந்துவிட்டது. அது எப்போதும் மேலிருந்துதான் இறங்கும். முதலில் ரோடு மறைந்தது, அப்புறம் சரிவின் பாதி. மைதானத்தில் இருந்தவர்களுக்கு ஆட்டம் தெரிந்தது, மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு கார்னரில் பந்து எகிறி வந்தது, எங்கள் ஆட்டோக்காரத் தம்பி தலையால் இடித்தான், கோல். உள்ளே இருந்தது எண்பத்தெட்டுப் பேர், கத்தினோம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மேலே வெள்ளையிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருடா போட்டது?" கீழிருந்து யாரோ, "நம்ம பசங்கதான்!" என்று கத்தினார்கள். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் அந்த மிஸ்டுக்குள்ளிருந்து, கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான பேரின் சத்தம் எங்கள் தலைமேல் வந்து விழுந்தது. ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு பேரும் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1-1 என்று முடிந்தது. மேல் பிரிவுக்குப் போகவில்லை. டிக்கெட் வரவு 2,640 ரூபாய்.

யார் எவ்வளவு கொடுப்பது

அதற்கப்புறம் பல ராத்திரி ஃபோனில் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். மற்ற ஊர்களில் கீழ்ப் பிரிவு கிளப்புகள் என்னதான் செய்கின்றன? இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி 2007-ல் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. அணி இறங்கினால் கூட்டமும் இறங்கும். அவர்கள் சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்குக் குறைத்தார்கள். சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டங்கள், ஆக ஒரு ஆட்டத்துக்கு 6 பவுண்டு. அந்தப் பருவத்தில் அந்தப் பிரிவில் வேறு எந்த அணிக்கும் அவ்வளவு கூட்டம் வரவில்லை, சராசரி 13 ஆயிரத்துக்கு மேல். விலை குறைந்தது ஒரு காரணம், சரி. ஆனால் எனக்குப் பிடிபட்டது வேறொன்று. வருஷத் தொடக்கத்தில் ஒரு தடவை கொடுத்துவிட்டவன், ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று இன்றைக்கு இது தேவையா என்று யோசிக்க வேண்டியதில்லை. பாதி ஆட்டத்தில் எழுந்து போனாலும் காசு போச்சே என்று உறுத்தாது. தாத்தா சொன்னதை அங்கே வேறு வழியில் தீர்த்திருந்தார்கள்.

மான்செஸ்டரில் 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெரிய கிளப்பை வேறு முதலாளி வாங்கியது பிடிக்காத ரசிகர்கள் பிரிந்துபோய் எஃப்.சி. யுனைடெட் என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். ஆடியது பத்தாம் அடுக்கில். முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டத்துக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2009-ல் அவர்கள் சீசன் டிக்கெட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை மட்டும் வைத்துவிட்டு, அதற்கு மேல் உங்களால் எவ்வளவு முடியுமோ கொடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் அப்போது இரண்டாம் பிரிவில் இருந்த ஃபார்டுனா டுசல்டார்ஃப் இன்னும் ஒரு படி போனது. 2023-ல் சில ஆட்டங்களுக்கு அனுமதி இலவசம் என்று அறிவித்தது, செலவைக் கம்பெனிகள் ஏற்றன. அக்டோபர் 21 அன்று முதல் இலவச ஆட்டம். 52 ஆயிரம் பேருக்கு முன்னால் 0-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3 என்று ஜெயித்தார்கள்.

இதையெல்லாம் கமிட்டியில் சொன்னேன். செயலாளர் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "அங்க கம்பெனி குடுக்கிறான் தம்பி. இங்க இருக்கிற கம்பெனி தேயிலைதான். அதுக்கே விலை இல்லை." அதே 2023-ல்தான் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு நம் சிறு விவசாயிகள் கோத்தகிரிப் பக்கத்து நட்டக்கல்லில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோ இருபது ரூபாய்கூடக் கிடைக்காத மாதங்களைப் பார்த்த ஊர் இது. அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனசில் கணக்கு ஓடியது. நான் வைத்த டிக்கெட் ஒன்றரைக் கிலோ இலை. சரிவில் வந்து பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற அக்காமார்கள் அந்த இலையைப் பறிக்கிறவர்கள். டீ, வடை என்று நான் அளந்தது தப்பான படி.

அந்த அக்காமார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறுதான் அவர்களுக்குக் கடைக்குப் போகிற நாள். கையில் கட்டைப்பையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் சரிவில் இறங்கி நிற்பார்கள். தன் எஸ்டேட் லயத்துப் பையன் பந்தைத் தொட்டால் சிரிப்பார்கள், ஹாரன் கேட்டால் ஓடுவார்கள். அவர்கள் போன இடத்தில் வேறு நாலு பேர் வந்து நிற்பார்கள். 'கூட்டம் சுமார் 400' என்று நான் நோட்டில் எழுதியது, ஒரு சமயத்தில் தலையை எண்ணியது. இரண்டு மணி நேரத்தில் வந்து போனவர்களை எண்ணினால் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். டிக்கெட் கேட்பது முப்பது ரூபாயை மட்டும் இல்லை, துண்டுபடாத ஒரு மதியத்தையும் சேர்த்துக் கேட்கிறது. எங்கள் ஊரில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கிடையாது. இதை நான் பொருளாளராக ஆன அன்றே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, டிக்கெட் வேண்டாம் என்று முடிவெடுத்தாயிற்று. இந்தப் பருவம் கயிறு கட்டவில்லை. ஹாஃப் டைமில் இரண்டு தம்பிகள் துண்டு ஏந்திச் சரிவு முழுக்க, மேல் ரோடு வரைக்கும் போய்வருவது என்று வைத்தோம். முதல் ஆட்டத்தில் 1,910 ரூபாய் விழுந்தது. பத்து ரூபாய் நோட்டுகள், சில்லறை, யாரோ மடித்துப் போட்ட ஒரு ஐந்நூறு. மூன்றாவது ஆட்டத்தில் மழை, 430 ரூபாய். போதாது. கடைவீதியில் வருஷச் சந்தா கேட்டு அலைகிறோம். அதனால்தான் வரும்படி பற்றி நான் நினைத்தது தப்பில்லை என்று மேலே எழுதினேன்.

பதினான்காம் எண்

இத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் இருந்தேன். எங்கள் கோல் கீப்பர் விடவில்லை. பத்தொன்பது வயசு. கேரட் கழுவுகிற இடத்தில் ராத்திரி வேலை, விரல் நுனியெல்லாம் எப்போதும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். பிராக்டீஸ் முடிந்து எல்லோரும் போனபின் தயங்கித் தயங்கி வந்து கேட்டான்.

"அண்ணா, இந்த வருஷம் டிக்கெட் அடிக்கலையா?"

ஏன்டா என்றேன். ஃபோனை எடுத்து, பின்பக்க உறையைக் கழற்றினான். உள்ளே எங்கள் இளஞ்சிவப்பு டிக்கெட், நாலாக மடித்தது. மடிப்பில் மை உதிர்ந்திருந்தது. எண் 14.

"எங்கம்மா எடுத்ததுண்ணா. வேலவெட்டி இல்லாம பந்து உதைக்கிறான்னுதான் எப்பவும் சொல்லுவாங்க. அன்னைக்கு முப்பது ரூபா குடுத்து என்னைப் பாக்க வந்தாங்க. ஆட்டம் முடிஞ்சு இத என் கையில குடுத்துட்டுப் போனாங்க."

அவனிடம் என்ன சொல்வது? தாத்தா சொன்னதும் நிஜம், இவன் சொல்வதும் நிஜம். கயிறைப் பற்றியும் காசைப் பற்றியும் யோசித்த நேரத்தில், அந்தத் தாள் துண்டு கொடுக்கிறவருக்கும் ஆடுகிறவனுக்கும் நடுவில் என்னவாக இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. துண்டில் விழுகிற பத்து ரூபாயில் அது கிடையாது. இப்படிச் சம்பளமில்லாமல் ஆடுகிறவனுக்கு, உன் ஆட்டத்துக்கு விலை உண்டு என்று ஒருவர் எழுத்தில் கொடுத்த ஒரே அத்தாட்சி அது.

போன வாரம் அவனையும் உட்காரவைத்துக்கொண்டு டிராயரிலிருந்த புத்தகங்களை எடுத்தேன். கறுப்பு மார்க்கர் பேனாவால் 212 டிக்கெட்டிலும் 'ரூ.30' என்பதை அடித்தோம். நுழைவுக் கட்டணம் என்ற எழுத்தையும் சேர்த்துத்தான். எண், முத்திரை, சங்கத்தின் பெயர் மட்டும் மிச்சம். துண்டில் எவ்வளவு போட்டாலும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டேன். ஒரு ரூபாய் போட்டாலும்.

நேற்று ஆட்டம். ஹாஃப் டைமில் துண்டு கார்னர் பாறைப் பக்கம் போனபோது நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். தாத்தா வேட்டி மடிப்பிலிருந்து பத்து ரூபாய் எடுத்துப் போட்டார். தம்பி 89-ஆம் எண்ணைக் கிழித்துக் கொடுத்தான். அடித்திருந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் குடையை ஊன்றி எழுந்தார், மில்லுக்குப் போக.